அத்தானின் மூன்று மூட்டைகள்

சிறப்புப் படையில் இருந்த அத்தனை பேரும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட முறை உள்ளவன் அவர்களில் ஒருவன்தான், அவருடைய மனைவியின் தம்பி. படையில் சேர்ந்த புதிதில் அவன் கிடங்கு ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "அத்தான், பூட்ஸ் கடிக்குது" என்று சொன்னது பின்னால் நின்றவன் காதில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான், படை முழுக்க அவருக்கு மைத்துனர்கள் முளைத்துவிட்டார்கள். கழுத்து எது தோள் எது என்று தெரியாத தடியன்கள் எல்லாம், "அத்தான், கையுறை", "அத்தான், பேட்டரி" என்று ஜன்னலை மொய்த்தார்கள். படைத் தலைவரே ஒரு கூட்டத்தில் வாய் தவறி, "இதை அத்தானிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, இருமி, வேண்டாத தாகத்துக்குத் தண்ணீர் குடித்தார்.

அத்தான் சிப்பாய் இல்லை, சிவில் ஊழியர். வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆனால் அந்தப் படை எங்கே போனாலும், காலில் மாட்டிய பூட்ஸ் முதல் நெற்றியில் கட்டிய விளக்கு வரை அவர் கை படாமல் எதுவும் போனதில்லை. என்ன வேண்டும் என்று கேட்டு, விற்பவனைத் தேடி, டெண்டர் விட்டு, வந்த சாமானைச் சோதித்துப் பாதியைத் திருப்பி அனுப்பி, மீதியை மூட்டை கட்டி விமானத்தின் வயிறு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார். திரும்பி வந்ததைக் கழுவிக் காயவைத்து அடுக்குவதும் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகும் புத்தி மாறவில்லை. செருப்புக் கடையில் பட்டையை முறுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு வாளி தண்ணீர் கிடைக்குமா என்று கேட்பார். அவரோடு கடைக்குப் போகவே மனைவி கூச்சப்பட்டாள்.

ஒருநாள் காலையில் அவருக்குப் போன் வந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் அதிகாரி பேசினார். படை வேறு இடத்துக்குப் போகிறது, பழைய கிடங்கைக் காலி செய்தாகிவிட்டது என்றார். புது இடத்தில் எல்லாம் புது முறையாம். பழைய வழக்கங்களில் எதை எடுத்துக்கொண்டு போவது, எதை இங்கேயே விட்டுவிடுவது என்று பார்த்து முடித்துவிட்டார்கள். ஒன்றில் மட்டும் இழுபறி.

"மூணு மூட்டை விஷயம் சார். வச்சுக்கறதா விடறதான்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் மேல சொல்லணும். எல்லாரும் விடச் சொல்றாங்க. நீங்க நேர்ல வந்து ஒரு வார்த்தை சொன்னா எனக்கு உதவியா இருக்கும்."

கிடங்கில் இப்போது மறைக்க எதுவும் இல்லை, வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சட்டையை மாற்றினார், திரும்பப் பழையதையே போட்டுக்கொண்டார். மூன்று மூட்டை என்பது அவருடைய மூளையில் பிறந்த வழக்கம். அவர் வாழ்ந்ததற்கு அடையாளமாக அந்தப் படையில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதை இன்று சாயங்காலம் வாழவைப்பதும் சாகவிடுவதும் தன் வாயில் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

வழக்கம் இதுதான். படை பனிக்குப் போகப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். பனிக்கு வேண்டியதை மட்டும் கிடங்கிலிருந்து எடுத்தால், எடுக்கிறவனுக்கும் சுமக்கிறவனுக்கும் லாரி ஓட்டுகிறவனுக்கும் இடம் தெரிந்துபோகும். அதனால் ஒவ்வொரு முறையும் பனிக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று மூன்று மூட்டை கட்டுவார்கள். மூன்றும் ஒரே அக்கறையோடு, ஒரே சீல் வைத்து, ஒரே லாரியில் போகும். எது மெய், எது பொய் என்று குழுத் தலைவனுக்கு மட்டும் தெரியும். வேலை முடிந்து வரும்போது இரண்டு மூட்டை திறக்காமலே திரும்பி வரும். திறக்காத மூட்டையைப் பிரித்து மறுபடி அடுக்கும் வேலையைக் கிடங்கில் யாரும் விரும்பியதில்லை. அத்தான் மட்டும் அதைச் சாமி காரியம் மாதிரி செய்வார்.

மைத்துனன் காரோடு வந்தான். குழுத் தலைவனாக இருந்த அவனும் ஓய்வு பெற்று, தலை நரைத்து, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிற ஆளாகியிருந்தான். அப்பா அம்மா இல்லாத பிள்ளை. அத்தானுக்குக் கல்யாணமான கையோடு அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவன். அவனுக்கு முதல் பூட்ஸ் கட்டிவிட்டதே அத்தான்தான், பள்ளிக்கூடத்துக்கு.

"என்ன அத்தான், மாப்பிள்ளை மாதிரி கிளம்பியிருக்கீங்க? கிடங்குக்கா, பொண்ணு பாக்கவா?"

"வண்டியை எடுடா. உன் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்குப் பிரேக் பிடிக்குமான்னு முதல்ல பாரு."

பின் சீட்டில் ஏறிய மனைவி, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வந்தால் நல்லது என்றாள். அவள் அந்தக் கிடங்கைப் பார்த்ததே இல்லை. இத்தனை வருடம் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே பேருந்தில் போயிருக்கிறாள், அவ்வளவுதான். உள்ளே இருப்பதை எல்லாம் அவள் மூக்கால் மட்டுமே அறிந்திருந்தாள்.

மூன்று மூட்டை பிறந்ததே அந்த மூக்கால்தான். கல்யாணமான புதிது. ஒரு சாயங்காலம் அத்தான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அவள் வாங்கி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "பனிப் பக்கம் போறாங்களா?" என்று கேட்டாள். அத்தானுக்குக் கை கால் ஓடவில்லை. யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, சட்டையில் அந்துருண்டை வாசனை அடிக்கிறது, கம்பளியை எடுத்திருப்பீர்கள் என்றாள். அடுத்த தடவை, "இது தண்ணிப் பக்கம். ரப்பர் வாசனை, பவுடர் வாசனை" என்றாள். நீருக்குள் போடும் ரப்பர் உடுப்பு ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அதில் பவுடர் தூவி மடிப்பது வழக்கம். புதுக் கேன்வாஸும் தோலுக்குத் தடவும் களிம்பும் மணத்தால் வெயில் காடு. ஒரு தடவைகூட அவள் தப்பவில்லை.

அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்படியில் நிற்கிறவளுக்குத் தெரிந்தால் யாருக்குத்தான் தெரியாது? நேரே படைத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னார். தலைவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, உங்கள் மனைவியை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து உருவாக்கியதுதான் மூன்று மூட்டை. அன்றிலிருந்து அத்தான் வீட்டுக்கு வந்தால் அவள் சட்டையை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். "எல்லா வாசனையும் அடிக்குது. போய்க் குளிங்க." அந்த ஒரு வாக்கியத்தை அவர் தன் வாழ்நாளின் மிகப் பெரிய பாராட்டாக வைத்துக்கொண்டார்.

கிடங்கு வாசலில் காவலாள் சல்யூட் அடித்தான், அத்தானுக்கு இல்லை, மைத்துனனுக்கு. உள்ளே அதிகாரி காத்திருந்தார். சின்ன வயது, கூர்மையான கண். உங்களை இங்கே எல்லோரும் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று தெரியும், ஆனால் என்னால் அப்படிக் கூப்பிட முடியாது, என் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று முகம் மாறாமல் சொன்னார். மனைவி முதல் முறையாகச் சிரித்தாள்.

நாலு பேரும் காலியான அறைகளின் வழியே நடந்தார்கள். தட்டுகள் வெறுமையாக நின்றன. தரையில் பெட்டிகள் இருந்த இடம் மட்டும் நிறம் வெளுக்காமல் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. சுவர் ஓரமாக எடை போடும் மேடை. அதன் தகரம் நடுவில் குழிந்திருந்தது. இந்த மேடையில்தான் குழுவினர் முழுச் சுமையோடு ஏறி நின்று குதிப்பார்கள் என்று அத்தான் மனைவிக்குச் சொன்னார். எடைக்காக இல்லை, சத்தத்துக்காக. ஒரு கொக்கி கிணுங்கினாலும் இறங்கி வந்து அதற்குத் துணிப் பட்டை சுற்றிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும்.

"உன் தம்பி ஏறினா மட்டும் எப்பவும் ஏதாவது கிணுங்கும்" என்றார்.

"அது பாக்கெட்ல அக்கா கொடுத்த மிட்டாய் டப்பா" என்றான் மைத்துனன்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. உள் அறை ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். "இதான் கம்பளி அறையா?" என்றாள். இன்னொன்றில், "இது ரப்பர்." பூட்டிய வீட்டில் பழைய சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக அடையாளம் காண்பதுபோல இருந்தது அவள் முகம். இத்தனை காலம் இவளிடம் மறைத்த இடம், இவளுக்குத் தன்னைவிட நெருக்கமாக இருக்கிறதே என்று அத்தான் நினைத்தார்.

கம்பளி அறையில் ஓரமாக, உதவாது என்று ஒதுக்கிய ஸ்லீப்பிங் பேக்குகள் கொஞ்சம் கிடந்தன. அத்தான் குனிந்து ஒன்றின் ஜிப்பை இழுத்தார். இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடியது. இந்த மாதிரியை வாங்குவதற்கு அவர் பட்டபாடு ஒரு தனிக் கதை. போட்டிக்கு வந்த எல்லாக் கம்பெனியின் பைகளையும் எடுத்துக்கொண்டு, மீன் பதப்படுத்தும் தொழிற்சாலை ஒன்றின் குளிர் அறையில் போய்ப் படுத்தார். ஒரு விற்பனைப் பிரதிநிதி, தங்கள் பையை மலையேறுகிறவர்கள் எல்லாம் தேடி வந்து வாங்குவதாக விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியா, அப்போது நீங்களும் வாருங்கள் என்று அவரையும் உள்ளே கூட்டிப்போய் அவருடைய பைக்குள்ளேயே படுக்கவைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் உள்ளேயிருந்து கதவை இடிக்க ஆரம்பித்தார். விரல் மரத்துவிட்டது, ஜிப் வரவில்லை, பையோடேயே துள்ளித் துள்ளிக் கதவு வரை போயிருக்கிறார். அந்தப் பை அன்றோடு போட்டியிலிருந்து விலகியது. அத்தானும் தப்பவில்லை. அவரிடம் அடித்த மீன் நாற்றத்துக்குத் தெருப் பூனைகள் வீடு வரை கூடவே வந்தன. மனைவி அவரை வாசலிலேயே நிறுத்தி வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

மைத்துனன் அந்தக் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதிகாரியும் சிரித்தார். ஆனால் அவர் பார்வை அடிக்கடி கைக்கடிகாரத்துக்குப் போய் வந்தது. அலுவலக அறையில் நாலு நாற்காலியும் ஒரு மேசையும் மட்டும் மிச்சமிருந்தன. தேநீர் வந்தது. அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார்.

தன்னிடம் விமானத்தில் இடம் இல்லை என்றார். மூன்றில் இரண்டு பங்கு சும்மா போய்ச் சும்மா வருகிறது. அந்த இடத்தில் கூடுதல் மருந்து ஏற்றலாம், தண்ணீர் ஏற்றலாம். இப்போது எல்லாம் கணினிக்குள் பூட்டியிருக்கிறது, பார்க்க அனுமதி உள்ளவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். அப்படியிருக்கப் பொய்க்கு எதற்கு மூட்டை என்று மேலே கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருப்பதாகத்தான் அவருக்கும் படுகிறது.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன் சார். அது உண்மையிலேயே வேலை செஞ்சுதா? வழக்கம்னு சொல்லிச் செஞ்சுக்கிட்டே இருந்தீங்களா, இல்ல யாராவது தெரிஞ்சுக்கப் பாத்து முடியாம போனது உண்டா?"

அத்தான் இதற்காகத்தான் காத்திருந்தார். முதுகை நிமிர்த்தினார். அந்துருண்டையில் தொடங்கி, படைத் தலைவரின் கேள்வி வரை எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் மனைவி பக்கம் கையை நீட்டினார்.

"இதைவிடப் பெரிய சோதனை வேற இல்லம்மா. போறது சொந்தத் தம்பி. தூக்கி வளர்த்த பையன். எங்க போறான்னு தெரியாம துடிச்சுப் போயிருக்கா. மூக்கோ போலீஸ் நாய் மூக்கு..."

"நல்லா இருக்கு மரியாதை" என்றாள் மனைவி.

"...அப்படிப்பட்டவளாலயே மூணு மூட்டை வந்தப்புறம் ஒரு தடவைகூடக் கண்டுபிடிக்க முடியல. ஒரே வீடு. ஒரே கட்டில். அவளுக்கே தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்?"

மைத்துனன் மேசையைத் தட்டி ஆமோதித்தான். அதிகாரி தலையை ஆட்டினார். அவருக்கு அது பிடித்திருந்தது தெரிந்தது. சம்பிரதாயத்துக்காக மனைவி பக்கம் திரும்பி, "அப்படித்தானம்மா?" என்றார்.

மனைவி தேநீர்க் கோப்பையைச் சாசரில் ஒரு சுற்றுச் சுற்றினாள். அத்தானைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், திரும்பவும் கோப்பையைப் பார்த்தாள்.

"இப்பவும் பசங்க போறாங்கதானே?" என்று அதிகாரியைக் கேட்டாள்.

"போறாங்கம்மா."

"அப்ப பொய் சொல்லக்கூடாது." கோப்பையைத் தள்ளி வைத்தாள். "எனக்கு எப்பவும் தெரியும்."

அத்தான் முதலில் அவள் வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"சட்டையிலயா?" என்றார்.

"சட்டை ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு மூணு வாசனை வர ஆரம்பிச்சதும் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்ல விட்ட மாதிரி ஆயிடுச்சு. மூட்டை கடைசி வரைக்கும் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

"நானா? ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

"வார்த்தைல இல்ல. தம்பி பனிக்குப் போனா நீங்க போர்வை போத்திக்க மாட்டீங்க. மடிச்சு ஓரமா வச்சுட்டு, உடம்பு சூடா இருக்குன்னு சொல்லிட்டுச் சுருண்டு படுத்துக்குவீங்க. அவன் வெயில் காட்டுக்குப் போனா, படுக்கைக்குப் பக்கத்துல நான் வைக்கிற தண்ணி காலைல வரைக்கும் அப்படியே இருக்கும். கடல்னா, ராத்திரி எழுந்து எழுந்து குழாயெல்லாம் சொட்டுதான்னு பாத்து மூடிட்டு வருவீங்க. சொட்டவே சொட்டாது."

அத்தான் மறுக்க வாயெடுத்தார். ஆனால் மடித்த போர்வை கண் முன்னால் வந்தது. நீல நிறம், ஓரத்தில் தையல் விட்டது. அதை மடித்தது நினைவில் இருந்தது. எதற்காக மடித்தார் என்று அவர் தன்னையே ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அந்த மாதிரி ராத்திரிகளில் மூடிக்கொண்டால் மூச்சு முட்டியது, அவ்வளவுதான் தெரியும்.

அதிகாரி முன்னால் சாய்ந்தார். "சார், குறுக்க கேக்கறதுக்கு மன்னிக்கணும். எது மெய் மூட்டைன்னு குழுத் தலைவருக்கு மட்டும்தானே தெரியும்? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இந்தக் கேள்வி வரும் என்று அத்தான் எதிர்பார்க்கவில்லை. மைத்துனன் பக்கம் பார்த்தார். பார்த்ததே பாதி பதிலாகிவிட்டது.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? நான் மூச்சு விட்டதில்ல" என்றான் அவன்.

அத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். புறப்படுவதற்கு முன் குழுவினர் வந்து மூன்று மூட்டையிலும் உள்ளதைப் போட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் வழக்கம். மைத்துனன் மூன்றையும் ஒரே முகத்தோடு போட்டுக் காட்டுவான். நடிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பொய் மூட்டையின் பூட்ஸ் பட்டையை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவான். மெய் மூட்டையில் மட்டும், இழுத்துவிட்டு, கையை எடுத்துவிட்டு, திரும்ப வந்து இன்னொரு முறை இழுப்பான். ஒவ்வொரு தடவையும். அவனுக்கே தெரியாமல்.

மைத்துனன் தன் இரண்டு கையையும் யாரோ வேற்று மனிதனுடைய கைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். எத்தனையோ இடங்களில், எத்தனையோ பேருக்கு முன்னால் கல் மாதிரி உட்கார்ந்து பழகியவன். அவனைக் காட்டிக்கொடுத்தது ஒரு பூட்ஸ் பட்டை.

"அதை எதுக்கு அத்தான் பாத்தீங்க?"

"நான்தானடா உனக்கு முதல்ல கட்டிவிட்டேன். கட்டினதும் ஒரு தடவை இழுத்துப் பாக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். நீ இன்னொரு தடவை இழுப்ப. பரீட்சை அன்னைக்கு மட்டும்."

அதிகாரி சிரிக்கவில்லை. நாற்காலியில் பின்னால் சாய்ந்து கூரையைப் பார்த்தார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். தன் வாயால் வழக்கத்தை வாழவைக்க வந்தவர், தன் வீட்டாலேயே அதைக் கவிழ்த்துவிட்டார். ஒரே வீடு, ஒரே கட்டில் என்று சொன்ன தன்னுடைய குரல் அவர் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

"அப்ப நான் மேல என்ன சொல்லணும்?" என்று அதிகாரி தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்தார். "மூட்டை இல்லாம இருந்தப்போ வாசனைய வச்சே சொல்லிட்டீங்க. மூட்டை வந்தப்புறம் வாசனை உதவல. சரிதானம்மா?"

"சரிதான்."

"அப்புறம் நீங்க தெரிஞ்சுக்கிட்டது எதுவும் மூட்டையால இல்ல. இவர் போர்வையால."

"ஆமா. அந்தப் போர்வை வேற யார் கண்ணுக்கும் தெரியாது. எங்க வீட்டுக்குள்ள வந்து படுத்தாத்தான் தெரியும்."

அதிகாரி போனை எடுத்தார். மறுமுனையில் யார் என்று தெரியவில்லை, இவர்தான் பேசினார். மூன்று மூட்டையும் புது இடத்துக்கு வருகிறது, விமானத்தில் இடத்தை வேறு எங்காவது பிடித்துக்கொள்கிறோம் என்றார். கணினியைப் பூட்டலாம், சாமானைச் சுமக்கிறவனுடைய மூக்கைப் பூட்ட முடியாது என்றார். ஒரே ஒரு மாற்றம்: இனிமேல் போட்டுப் பார்ப்பது திரைக்குப் பின்னால். மூட்டை கட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

போனை வைத்துவிட்டு அத்தானிடம், "சரிதானே சார்?" என்றார்.

சரிதான் என்றார் அத்தான். சரி என்று அவருக்குத் தெரியும். தானே முன்பு யோசித்திருக்க வேண்டிய மாற்றம். ஆனாலும் அந்தத் திரை அப்போதே இருந்திருந்தால் என்று நினைத்தபோது மனசு ஒரு நிமிஷம் எங்கோ போய் வந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தான், அந்தப் பக்கம் குனிந்து பட்டையை இழுக்கும் அவன் பிடரி. அதைப் பார்க்காமல் மூட்டை கட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாரா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

புறப்படும்போது அதிகாரி, ஒதுக்கிப் போட்டதிலிருந்து ஒரு ஸ்லீப்பிங் பேக்கை எடுத்து நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். மைத்துனன் அதைக் கொண்டுவந்து மனைவிக்குப் பக்கத்தில் பின் சீட்டில் வைத்தான்.

கார் கொஞ்ச தூரம் போயிருந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அத்தான் திரும்பாமலே கேட்டார், தெரியும் என்று ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"சொன்னா மறுநாளே போர்வையை எடுத்து இழுத்துப் போத்திக்குவீங்க. கடமை வீரர். அப்புறம் நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

மைத்துனன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, "அந்தத் தடவையும் தெரியுமா அக்கா?" என்று கேட்டான்.

எந்தத் தடவை என்று மூன்று பேருக்கும் தெரியும். வர வேண்டிய நாள் கடந்தும் குழு வராத தடவை. கிடங்கில் யாரும் வாய் திறக்கவில்லை. அத்தானும் வீட்டில் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஊரில் குளிர்காலம் வேறு. அந்த நாட்கள் முழுவதும் நீலப் போர்வை மடித்தபடியே கட்டிலில் கிடந்தது.

"தெரியும். பனி" என்றாள் அவள்.

அத்தான் இப்போது திரும்பினார். அந்த ராத்திரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அவர் ஒரு ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தார். அவள் மறு ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தாள். அவள் தோள் லேசாக நடுங்கியது. கனவு காண்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கட்டிலில் இருந்தது ஒரே போர்வை. அதை அவர் மடித்து ஓரமாக வைப்பார். விடியும்போது பார்த்தால் அது அங்கேயே இருக்கும், மடிப்புக் கலையாமல். வேண்டுமென்றால் கையை நீட்டி எடுத்திருக்கலாம். அவள் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அவர் அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

"நீயுமா?" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மைத்துனன் வண்டியை மெதுவாக்கி ஓரமாக நிறுத்தினான். எந்தப் பனி, எந்த மலை என்று அவன் அன்றும் சொன்னதில்லை, இன்றும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. வானிலை சரியில்லாததால் விமானம் வர முடியவில்லை, ஒரு பாறை இடுக்கில் காத்துக்கிடந்தோம் என்று மட்டும் சொன்னான். பிறகு அத்தான் முகத்தையும் கண்ணாடியில் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒண்ணு சொல்லுவேன், ரெண்டு பேரும் அடிக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்தப் பைக்குள்ள குளிரவே இல்ல அத்தான். நீங்க மீன் நாத்தத்துல படுத்து வாங்கின பைதானே? ஜிப்பை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுட்டுச் சுகமாத் தூங்கினேன். கூட இருந்தவன் குறட்டையே விட்டான். வாழ்க்கைல அந்த மாதிரி நான் தூங்கினதே இல்ல."

பின்னாலிருந்து அக்காவின் கை வந்து அவன் பிடரியில் ஒன்று போட்டது. அத்தானுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குள் கண்ணும் கலங்கிவிட்டது. எது முந்தியது என்று அவருக்கே தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுடா, நேரமாகிறது என்றார்.

வண்டி நகர்ந்தது. ஜன்னலை எல்லாம் ஏற்றிவிட்டிருந்ததால், பின் சீட்டில் கிடந்த பையின் அந்துருண்டை வாசனை மெல்ல மெல்லக் காரை நிறைத்தது. மனைவி மூச்சை இழுத்தாள். மடியில் அந்தப் பையை எடுத்து வைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்ட அதே பழைய குரலில் கேட்டாள்.

"பனிப் பக்கமா போறோம்?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது" என்றார் அத்தான்.